கேபிளைக் கட் பண்ணிரலாமா? கேபிள், டிஷ், ஃபைபர், ஃப்ரீ டிஷ்: எந்த வீட்டுக்கு எது சரி

ஃபைபர் கனெக்ஷன் போட்ட வீட்ல எல்லாம் அடுத்த மாசமே ஒரு கேள்வி வந்துரும். "அதான் நெட் இருக்குல்ல, அப்புறம் கேபிளுக்கு வேற எதுக்குத் தண்டமா காசு கட்டணும்?" இதைக் கேக்குறவரு பெரும்பாலும் அந்த வீட்ல டிவியே பாக்காத ஆளாத்தான் இருப்பாரு, வேலை முடிஞ்சு வந்து ராத்திரி மொபைல்ல யூடியூப் பாத்துட்டுப் படுத்துருவாரு, பில்லு மட்டும் அவரு கட்டுறாரு, அதனால கேக்குறாரு. டிவி முன்னாடி உக்காந்திருக்கிறவங்ககிட்ட இதையே கேட்டுப் பாருங்க, பதில் வேற மாதிரி வரும்.

என் அபிப்ராயத்தை முதல்லயே சொல்லிடுறேன். ரிமோட் யார் கையில அதிக நேரம் இருக்கோ அவங்களை வச்சு முடிவு பண்ணுங்க. அதுக்கு அடுத்து, படம் நின்னு போனா யாரு வந்து சரி பண்ணுவாங்கன்னு பாருங்க. விலை எல்லாம் மூணாவதுதான், ஏன்னா கணக்குப் போட்டுப் பாத்தா எந்தப் பக்கம் போனாலும் மாசம் இருநூறு முன்னூறுன்னு கிட்டத்தட்ட அதே இடத்துலதான் வந்து நிக்கும்.

நம்புறது கஷ்டமா இருந்தா இதைப் பாருங்க. ஃபைபர்ல 30 எம்பிபிஎஸ் ஆரம்பப் பிளான் 399ன்னு போட்டிருப்பாங்க, 18 சதவீத ஜிஎஸ்டி சேத்தா 471. அதுல வெறும் நெட்டு மட்டும்தான். சேனலும் ஓடிடியும் (ஹாட்ஸ்டார் மாதிரி நெட்ல படம், சீரியல் பாக்குற ஆப்) சேந்து வேணும்னா 599 பிளான் பக்கம் கை காட்டுவாங்க, ஜிஎஸ்டியோட 707. ரெண்டுக்கும் வித்தியாசம் 236 ரூபா. எங்க தெருவுல கேபிளுக்கு வாங்குறதும் அந்த அளவுதான்! கேபிளை நிறுத்தி மிச்சம் பிடிச்சோம்னு நினைச்சுக்கிட்டு அதே காசை வேற பில்லுல கட்டுறவங்க நிறையப் பேரு இருக்காங்க, பில்லு ஒண்ணா வர்றதால கண்ணுக்குத் தெரியிறதில்ல, அவ்வளவுதான்.

கேபிள் பில்லும் ஒண்ணும் நேர்மையான பில்லு இல்ல, அதையும் சொல்லிடணும். 2019 பிப்ரவரியில டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், புது விதி கொண்டு வந்தப்போ "நீங்க பாக்குற சேனலுக்கு மட்டும் காசு குடுத்தாப் போதும்"னு சொன்னாங்க, கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. அடிப்படைக் கட்டணம் 130, ஜிஎஸ்டி சேத்து 153 ரூபா 40 காசு, அதுக்கு 100 சேனல், மத்த கட்டணச் சேனலுக்கு எல்லாம் தனித்தனி விலை. சன் டிவி 19, கே டிவி 19. தனியா எடுத்தா விலை ஜாஸ்தி, பல சேனலைக் கட்டாச் சேத்து பொக்கேவா எடுத்தா சல்லிசுன்னு வச்சுட்டாங்க, அப்புறம் யாரு உக்காந்து ஒவ்வொரு சேனலா டிக் அடிப்பா? எல்லாரும் "ஏதாச்சும் ஒரு தமிழ் பேக்கேஜ் போட்டு விடுண்ணே"ன்னு சொல்லிட்டு வந்துட்டாங்க. 2020ல அதே 130க்கு 200 சேனல்னு ஆச்சு. 2024 ஜூலையில அந்த 130 உச்சவரம்பையே தூக்கிட்டாங்க. அதனால இப்போ உங்க ஏரியாவுல என்ன விலைன்னு கேக்குறதைத் தவிர வேற வழி இல்ல, பக்கத்து ஊர்க்காரரு சொல்ற விலை உங்களுக்கு ஒத்து வராது.

சரி, முதல்ல கேபிள்.

கேபிளோட பெரிய பலம் படமோ விலையோ இல்ல, அந்த கேபிள் அண்ணன்தான். படம் வரலைன்னா போன் அடிச்சா "இந்தா வர்றேன்"னு சொல்லுவாரு, சொன்ன நேரத்துக்கு வர மாட்டாரு, ஆனா சாயங்காலம் சீரியலுக்குள்ள வந்துருவாரு. ஏணி கூட எடுத்துட்டு வராம மொட்டை மாடியில ஏறி ஒயரைப் புடிச்சுப் பாப்பாரு, பின்னு முனையில பச்சை பூத்திருக்கும், அந்தத் துண்டை நறுக்கி எறிஞ்சிட்டு மேல் தோலைச் சீவி, உள்ள இருக்கிற வலையை மடக்கி, புது கனெக்டரைத் திருகி விட்டா முடிஞ்சு போச்சு. கட்டிங் பிளேயர் ஒண்ணு இருந்தாப் போதும். ஃபைபர்ல இந்தக் கதை நடக்காது, அது கண்ணாடி இழை, அறுந்தா ஒட்ட வைக்க ஸ்ப்ளைசிங் மெஷின் வேணும், அந்த மெஷின் எடுத்துட்டு வர்ற பையன் எத்தனை ஏரியா பாக்குறானோ அத்தனை வீட்டுக்கு அப்புறம்தான் உங்க வீடு.

அதோட உள்ளூர் சேனல். கோயில் திருவிழா, தேர், பள்ளிக்கூட ஆண்டு விழா, யாரு வீட்ல துக்கம், எந்தக் கடையில ஆடித் தள்ளுபடி, எல்லாம் கீழ ஓடிக்கிட்டே இருக்கும். நகரத்துல இருக்கிறவங்களுக்கு இது சிரிப்பா இருக்கலாம். ஊர்ல இருக்கிற பெரியவங்களுக்கு டிவியில முக்கால்வாசி அதுதான், எந்த ஓடிடியிலயும் அது கிடைக்காது.

பலவீனமும் இருக்கு. வழியில எலக்ட்ரிக் போஸ்ட்ல தொங்குற ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் வேணும், உங்க வீட்ல இன்வெர்டர் ஓடினாலும் அந்தத் தெருவுல கரண்ட் இல்லைன்னா சிக்னல் வராது. நிறைய வீட்ல இன்னும் எஸ்டி பாக்ஸ்தான் ஓடுது. எஸ்டின்னா 576 வரிதான், 14 இஞ்ச் டிவியில அது பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு, 43 இஞ்ச் டிவியில போட்டா ஆளு மூஞ்சி எல்லாம் கஞ்சி குடிச்ச மாதிரி இருக்கும். எச்டி பாக்ஸ் கேளுங்க, கேட்டா குடுப்பாங்க. குடுத்த பிறகும் ஒரு விஷயம் பாக்கணும், பாக்ஸ்ல இருந்து டிவிக்கு என்ன ஒயர் போகுதுன்னு. மஞ்சள், சிவப்பு, வெள்ளைன்னு மூணு பின்னு சொருகியிருந்தா நீங்க எச்டிக்குக் காசு கட்டி எஸ்டி பாத்துக்கிட்டு இருக்கீங்கன்னு அர்த்தம். எச்டிஎம்ஐ ஒயர் ஒண்ணு கடையில சில நூறு ரூபாதான், மாத்திப் போடுங்க. டிவியே பழசா போச்சு, புதுசு வாங்கணும்னு முடிவு பண்ணின ஒரு மாமா வீட்ல இந்த ஒயரை மாத்திப் போட்டதோட பேச்சு அடங்கிருச்சு.

அடுத்து அரசு கேபிளா தனியார் கேபிளான்னு ஒரு கிளைக் கேள்வி இருக்கே, அதைப் பேசினா அரசியலைப் பேசாம இருக்க முடியாது. நம்ம ஊர்ல டிவிப் பெட்டியும் அரசியலும் ரொம்ப நாளாவே ஒண்ணாத்தான் குடித்தனம் நடத்துது. 2006 தேர்தல்ல கலைஞர் இலவசக் கலர் டிவி தர்றதாச் சொன்னாரு, ஜெயிச்சாரு, கோடிக்கு மேல வீடுகளுக்கு 14 இஞ்ச் டிவி போச்சு. டிவி இலவசம், கேபிள் காசு யாருக்குப் போகுதுன்னு அப்பவே எதிர்க்கட்சிக்காரங்க கேட்டாங்க, ஏன்னா சென்னை மாதிரி ஊர்கள்ல கலைஞரோட சொந்தக்காரங்க, சன் டிவி மாறன் குடும்பத்தோட சுமங்கலி கேபிள்தான் ராஜா. அடுத்த வருஷமே, 2007ல, அவங்க தினகரன் பத்திரிகையில கலைஞருக்கு அடுத்த வாரிசு யாருன்னு போட்ட சர்வே விவகாரத்துல குடும்பத்துக்குள்ளயே சண்டை வந்து மதுரை ஆபீஸ் தாக்கப்பட்டு மூணு பேரு செத்துப் போனாங்க. அதே வருஷம் அக்டோபர்ல அரசு கேபிள் கார்ப்பரேஷன் ஆரம்பிச்சாங்க, கலைஞர் டிவியும் அந்த வருஷம்தான் வந்துச்சு. 2008 கடைசியில குடும்பம் ராசியாச்சு, அரசு கேபிள் அப்படியே படுத்துருச்சு. சேனல் யாருக்கு, ஒயர் யாருக்குங்கிற சண்டைதான் எல்லாத்துக்கும் அடியில ஓடிச்சு.

2011ல ஜெயலலிதா வந்து அதை எழுப்பி உக்கார வச்சாங்க. செப்டம்பர் 2ல இருந்து 70 ரூபாய்க்கு 90 சேனல். அந்த 70ல ஆபரேட்டரு கார்ப்பரேஷனுக்குக் கட்டுறது 20 ரூபாதான். ஆரம்பத்துல சன் குரூப் சேனலே அதுல இல்ல, சன் இல்லாத கேபிள் எதுக்குன்னு வீட்டுக்கு வீடு சண்டை. அப்புறம் டிஜிட்டல் லைசென்ஸ் கிடைக்க 2017 ஆச்சு, அந்த வருஷம்தான் செட்டாப் பாக்ஸை இலவசமாக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. 70 ரூபா காலம் எல்லாம் மலையேறிப் போச்சு. 2022 நவம்பர்ல சாஃப்ட்வேர் பிரச்சனையில லட்சக்கணக்கான அரசு பாக்ஸ் ஒரே நாள்ல செத்துப் போச்சு, சனி ஞாயிறு பாத்து. அந்த வாரம் நிறைய ஆபரேட்டருங்க தனியார் பாக்ஸை வீட்டுக்கு வீடு கொண்டு போய் மாட்டிட்டாங்க, மாட்டினது மாட்டினதுதான், திரும்பி வரலை.

இதுல பாமர ஜனங்க கவனிக்க வேண்டிய விஷயம் விலை இல்ல. ஒயர் யார் கையில இருக்கோ அவங்க நினைச்சா சேனல் காணாமப் போகும். 2018ல, அதிமுக ஆட்சியில, புதிய தலைமுறை செய்திச் சேனலுக்குக் கோயம்புத்தூர் விவாத நிகழ்ச்சிக்காக வழக்கு வந்துச்சு, அதை ஒட்டி அரசு கேபிள்ல அந்தச் சேனலை இடம் மாத்தி ஓரங்கட்டிட்டாங்கன்னு புகார். 2025 அக்டோபர்ல, திமுக ஆட்சியில, கரூர் கூட்ட நெரிசல் சம்பவத்துக்கு அப்புறம் அதே சேனல் அரசு கேபிள்ல தெரியலைன்னு மறுபடியும் புகார், எடப்பாடியே கண்டனம் தெரிவிச்சாரு. 2018ல முதலமைச்சரா இருந்தது யாருன்னு யோசிச்சுட்டு சிரிச்சுக்கோங்க. இந்தக் கட்சி அந்தக் கட்சின்னு இதுல பேதமே கிடையாது. சரி, தனியார்னா ஒழுங்கான்னா அதுவும் இல்ல, மதுரையில ஒரு காலத்துல கலைஞர் மகன் அழகிரி தரப்பு ராயல் கேபிளுக்கும் சுமங்கலிக்கும் நடந்த சண்டையில எந்தத் தெருவுல எந்தச் சேனல் வரும்னு யாருக்கும் தெரியாது. காசு சண்டையிலயும் இதேதான். 2023 பிப்ரவரியில புது விலைக்குக் கையெழுத்துப் போடாத கேபிள்காரங்களுக்கு ஸ்டார், ஜீ, சோனி மூணும் சிக்னலையே நிறுத்திட்டாங்க, நடுவுல மாட்டினது விஜய் டிவி சீரியல் பாத்துக்கிட்டு இருந்த அக்காங்கதான்.

அதுக்காக அரசு கேபிளே வேணாம்னு சொல்ல வரலை. உங்க ஏரியா ஆபரேட்டரு அதை ஒழுங்கா நடத்துனா தாராளமா வச்சுக்கோங்க, குறைஞ்ச காசுல அது நல்ல சமாச்சாரம்தான். ஒரு சேனல் திடீர்னு காணோம்னா பதறாம யூடியூப்ல போய்ப் பாருங்க. தமிழ்ல இருக்கிற பெரிய செய்திச் சேனல் எல்லாம், சன் நியூஸ், தந்தி, புதிய தலைமுறை, பாலிமர் எல்லாமே, அங்க லைவ்வா ஓசியில ஓடுது. செய்திக்காக மட்டும் கேபிள் வச்சிருக்கிறவரு இன்னைக்கே கட் பண்ணலாம், ஒரு நஷ்டமும் இல்ல.

ஆனா இங்க ஒரு சின்ன விஷயம் எனக்கு உறுத்துது. கேபிள்ல ரிமோட்டைத் தட்டிக்கிட்டே போகும்போது சன் நியூஸ் வரும், அடுத்து நியூஸ் ஜெ வரும், அடுத்து ஜெயா பிளஸ், அடுத்து தந்தி. ஒரே கூட்டத்தைக் காட்டி ஒருத்தர் "மக்கள் வெள்ளம்"னுவாரு, அடுத்தவர் காலி நாற்காலியை ஜூம் பண்ணிக் காட்டுவாரு. அந்தக் காலி நாற்காலியை நாம தேடிப் போகலை, தட்டுற வழியில தானா மாட்டிச்சு. யூடியூப்ல அது மாட்டாது, நேத்து எந்தக் கட்சிக்காரர் பேச்சை முழுசாப் பாத்தீங்களோ இன்னைக்கு அதே கட்சிக்காரர் இன்னும் நாலு பேச்சோட வந்து நிப்பாரு. எங்க வீட்டுப் பெரியவர் ஒருத்தர் கேபிள் இருந்தப்போ எல்லாக் கட்சியையும் திட்டுவாரு, ஃபோன்ல செய்தி பாக்க ஆரம்பிச்சதுல இருந்து ஒரே ஒரு கட்சியை மட்டும்தான் திட்டுறாரு. இதை வச்சு நீங்க கேபிள் எடுக்க மாட்டீங்கன்னு தெரியும், இருந்தாலும் சொல்லத் தோணுச்சு.

டிஷ்ஷுக்கு வருவோம். டிடிஎச்னு சொல்றதும் இதைத்தான், இது யாருக்குன்னா, கேபிள் ஒயரும் ஃபைபரும் வராத இடத்துல இருக்கிறவங்களுக்கு, தோட்டத்து வீடு, ஊருக்கு வெளியில புதுசாப் பிளாட் போட்டுக் கட்டின வீடு, வருஷத்துக்கு ரெண்டு தடவை வாடகை வீடு மாறுறவங்க. ஆபரேட்டர் தொந்தரவு பிடிக்காதவங்களும் இதுல சேத்தி, சில ஏரியாவுல கேபிள்காரர் ஒருத்தர்தான், அவரு வச்சதுதான் விலை, அங்க டிஷ் ஒரு விடுதலை. படமும் தெளிவா இருக்கும். ரீசார்ஜ் பண்ண மறந்தா மட்டும் அன்னைக்கு ராத்திரியே கட் ஆகும், கேபிள் அண்ணன் மாதிரி "அடுத்த மாசம் சேத்துக் குடுங்கக்கா"ன்னு எல்லாம் சொல்லாது.

மழைதான் பிரச்சனை. டிடிஎச் சிக்னல் வர்ற கேயூ பேண்டுங்கிற அலைவரிசையை மழைத் துளி உறிஞ்சிக்கும், லேசான தூறலுக்கு ஒண்ணும் ஆகாது, கொட்டு கொட்டுன்னு கொட்டினா படம் கட்டம் கட்டமா உடைஞ்சு "சிக்னல் இல்லை"ன்னு வந்து நிக்கும். நமக்கு அடை மழை ஐப்பசி கார்த்திகையில, அதாவது புயல் எங்க கரையைக் கடக்குதுன்னு பாக்கணும்னு தவிக்கிற நேரத்துலதான் டிஷ் கையை விரிக்கும். டிஷ்ஷைப் பொருத்தும்போது பக்கத்துல கூடவே நில்லுங்க. நம்ம ஊர்ல இருந்து பாத்தா சாட்டிலைட் எல்லாம் தென்கிழக்குப் பக்கமா நல்ல உசரத்துல இருக்கு, அந்தத் திசையில தென்னை மட்டை ஏதாவது ஆடுதான்னு பாருங்க, இன்னைக்கு ஆடாத மட்டை ரெண்டு வருஷத்துல வளந்து வந்து ஆடும். செட்டிங்ல சிக்னல் குவாலிட்டின்னு ஒரு கோடு காட்டும், வெயில் அடிக்கிறப்பவே அது பாதிதான் இருக்குன்னா மழையில சுத்தமாப் போயிரும், இன்னும் கொஞ்சம் திருப்புங்க தம்பின்னு நின்னு வாங்கிடுங்க. அவங்களுக்கு அடுத்த வீட்டுக்கு ஓடணும், படம் தெரிஞ்சுச்சுன்னா போல்ட்டை முறுக்கிட்டுக் கிளம்பிருவாங்க.

சாட்டிலைட்டே படுத்தா என்ன ஆகும்னு சந்தேகம் இருந்தா, 2010 ஜூலையில இன்சாட் 4பி பழுதாகி சன் டைரக்ட் டிஷ் இருண்டு போச்சு, அப்புறம் மலேசியா சாட்டிலைட்டுக்கு மாறினாங்க. அப்படி எல்லாம் அடிக்கடி நடக்காது, அதை நினைச்சு டிஷ் வேணாம்னு சொல்றது அதிகப் பிரசங்கித்தனம்.

ஃப்ரீ டிஷ் பத்தி ரொம்பப் பேச ஒண்ணும் இல்ல. தூர்தர்ஷனை நடத்துற பிரசார் பாரதியோடது, 2004ல இருந்து இருக்கு, மாசக் காசு கிடையாது, டிஷ்ஷும் பாக்ஸும் ஒரு தடவை வாங்கினாப் போதும். வட மாநிலத்துல இதைத்தான் கோடிக்கணக்கான பேரு பாக்குறாங்க, ஏன்னா இந்தி சேனல் நிறைய இருக்கு. நமக்கு டிடி தமிழ் வரும், முன்னாடி பொதிகைன்னு இருந்தது, 2024 ஜனவரியில பேரு மாத்துனாங்க. சன், விஜய் ரெண்டும் இல்லாத பெட்டியை எந்தத் தமிழ் வீட்ல வச்சுக்குவாங்க சொல்லுங்க. கல்விச் சேனல் வேணும்கிறவங்க, கடையில சும்மா ஏதாவது ஓடணும்கிறவங்க போட்டுக்கலாம்.

இப்போ ஃபைபர். நெட் ஏற்கனவே வீட்ல இருக்கு, டிவி பாக்குறது நாப்பது வயசுக்குக் கீழ, கிரிக்கெட்டும் படமும்தான் முக்கியம், அப்படின்னா யோசிக்கவே வேணாம், கேபிள் தேவை இல்ல. எச்டியில ஓட 5 எம்பிபிஎஸ் போதும், 30 எம்பிபிஎஸ் பிளான்ல மூணு பேரு மூணு ரூம்ல தனித்தனியாப் பாக்கலாம். டேட்டா தீந்துருமோன்னு பயப்பட வேணாம், பெரிய கம்பெனி எல்லாம் மாசம் 3300 ஜிபி வரைக்கும் குடுக்குது, ஒரு மணி நேர எச்டிக்கு 3 ஜிபி வச்சாக்கூட ஆயிரம் மணி நேரத்துக்கு மேல வரும், மாசத்துக்கே 720 மணி நேரம்தான்.

ஆனா சீரியல் பாக்குற வீட்ல ஃபைபருக்கு மாறும்போதுதான் வண்டவாளம் தெரியும். சன் டிவி சீரியல் சன் நெக்ஸ்ட்ல, விஜய் சீரியல் ஜியோ ஹாட்ஸ்டார்ல, ஜீ தமிழ் சீரியல் ஜீ5ல. அம்மா ஆறு மணிக்கு ஆரம்பிச்சு பத்து மணி வரைக்கும் மூணு சேனலையும் மாறி மாறிப் பாப்பாங்க, விளம்பரம் வந்தா அடுத்த சேனல், அங்க விளம்பரம் வந்தா திரும்பி இங்க. கேபிள் ரிமோட்ல அது ரெண்டு பட்டன் வேலை, சேனல் நம்பர் அவங்களுக்கு விரல் நுனியில இருக்கு, கண்ணாடி போடாமலே அடிப்பாங்க. ஆப்புல என்ன ஆகும்னா ஹோம் போகணும், ஆப்பைத் தேடணும், "யாரு பாக்குறீங்க"ன்னு அது கேக்கும், சுத்திக்கிட்டு நிக்கும், அப்டேட் பண்ணச் சொல்லும், திடீர்னு லாகவுட் ஆகி ஓடிபி கேக்கும், ஓடிபி பையன் போனுக்குப் போகும், பையன் மீட்டிங்ல இருப்பான். ரெண்டு நாள்ல அம்மா டிவி பாக்குறதையே விட்ருவாங்க, விட்டுட்டு "எனக்கு இப்போ டிவியில எல்லாம் இன்ட்ரஸ்ட் இல்லப்பா"ன்னு சொல்லுவாங்க, நாமளும் அதை அப்படியே நம்பிருவோம்.

இதுக்கு நடுவழி ஒண்ணு இருக்கு. ஃபைபர்காரங்களே இப்போ தனியா செட்டாப் பாக்ஸ் குடுக்குறாங்க, லைவ் சேனல் எல்லாம் நம்பரோட வரும், ரிமோட்ல நம்பர் பட்டன் இருக்கும். எடுக்குறதா இருந்தா மூணு விஷயம் கேட்டுட்டு எடுங்க: சன் குரூப் சேனல் லைவ்ல வருதா, ரிமோட்ல நம்பர் இருக்கா, பாக்ஸை ஆன் பண்ணினதும் நேரா கடைசியாப் பாத்த சேனல் வருமா இல்ல விளம்பரப் பக்கம் வந்து நிக்குமா. கடையில டெமோ காட்டும்போது நீங்க உக்காந்து பாக்காதீங்க, அம்மாவையோ மாமியாரையோ கூட்டிட்டுப் போய் ரிமோட்டை அவங்க கையில குடுங்க, சொல்லிக் குடுக்காம விடுங்க, அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுரும்.

கிரிக்கெட்ல ஒரு குறை. நெட்ல வர்ற லைவ் அரை நிமிஷம் வரைக்கும் பின்தங்கும், கேபிளும் டிஷ்ஷும் முன்னாடி ஓடும். கேபிள் வச்சிருக்கிற பக்கத்து வீட்ல "ஏய்ய்"னு கத்துனப்போ உங்க டிவியில பவுலர் இன்னும் ஓடி வந்துக்கிட்டுதான் இருப்பாரு. ஃபைனல் மேட்ச்சுக்கு இது பெரிய கொடுமை, சிலர் அதுக்காகவே கேபிளை வச்சிருக்காங்க, நான் அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன்.

கேபிளா ஃபைபரான்னு நாம இங்க மல்லுக்கட்டுறோமே, நிறைய ஊர்ல ரெண்டையும் குடுக்குறது ஒரே ஆளுதான். கேபிள் வருமானம் தேஞ்சதும் நம்ம கேபிள் அண்ணனே பிஎஸ்என்எல் ஃபைபரோ வேற கம்பெனி ஃபைபரோ பிரான்சைஸ் எடுத்துட்டாரு, அதே போஸ்ட்ல அதே ஏணியில இப்போ மெல்லிசான கறுப்பு ஒயரா இழுக்குறாரு. என்னைக் கேட்டா இது நல்ல டீல். ரெண்டையும் அவர்கிட்டயே எடுத்துட்டு "ரெண்டுக்கும் சேத்து என்ன ரேட்டு போடுவீங்க"ன்னு கேளுங்க, பேரம் படியும். பெரிய கம்பெனி கஸ்டமர் கேர்ல "ஒண்ணை அழுத்தவும், ரெண்டை அழுத்தவும்"னு பேரம் பேச முடியாது.

டிவியையும் மாத்தணுமான்னு கேப்பீங்க. ஸ்மார்ட் டிவி இல்லைன்னா எச்டிஎம்ஐ ஓட்டை ஒண்ணு இருந்தாப் போதும், ஆப் ஓட வைக்கிற ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கிச் சொருகிக்கலாம். குறைஞ்ச விலை 32 இஞ்ச் ஸ்மார்ட் டிவி நிறையதுல 1 ஜிபி ரேம்தான், ஒரு வருஷத்துல மாட்டு வண்டி வேகத்துக்கு வந்துரும், அப்பவும் ஸ்டிக்தான் வாங்குவீங்க. புது டிவி எடுத்தா கடைக்காரரு "ஆண்ட்ராய்டு டிவிதான் சார்"னு சொல்றதை மட்டும் நம்பாதீங்க, கூகுள் சான்றிதழ் இல்லாத மலிவுப் பெட்டியும் அந்தப் பேருலதான் விக்குது, அதுல சில ஓடிடி எச்டியில ஓடாது. 2025 செப்டம்பர் 22ல இருந்து 32 இஞ்ச்சுக்கு மேல இருக்கிற டிவிக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆச்சு, 32 வரைக்கும் இருக்கிறதுக்கு ஏற்கனவே 18தான். அதனால 43 பாத்தீங்கன்னா முன்ன மாதிரி கண்ணைக் கட்டாது, 32க்கு "ஜிஎஸ்டி குறைஞ்சிருக்கு சார்"னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகருங்க.

ஆக, என் கையில முடிவைக் குடுத்தா நான் இப்படித்தான் செய்வேன். வீட்ல பெரியவங்க இருந்தா எச்டி பாக்ஸோட கேபிள், ஃபைபர்ல ஓடிடி இல்லாத சின்னப் பிளான், அந்த 236ஐ கேபிளுக்குக் குடுத்துருவேன். கணவன் மனைவி ரெண்டு பேரு மட்டும், இல்ல பேச்சிலர் ரூம்னா ஃபைபர் மட்டும், ஓடிடியும் எல்லாத்தையும் வருஷம் பூரா கட்டாம ஐபிஎல் வந்தா ஒண்ணு, படம் வந்தா ஒண்ணுன்னு மாத்தி மாத்தி எடுப்பேன். ஊருக்கு வெளிய தனி வீடுன்னா டிஷ். ஊர்ல அப்பா அம்மா தனியா இருக்காங்க, நீங்க வெளியூர்ல இருக்கீங்கன்னா கேபிள்ல கையே வைக்காதீங்க. மாசா மாசம் காசு வாங்க வர்ற ஆளு வாசல்ல நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போறாரு, போன்ல நீங்க கூப்பிட்டா "அப்பா நல்லாத்தான் இருக்காரு தம்பி, இப்பத்தான் பாத்துட்டு வந்தேன்"னு சொல்லுவாரு. ஆன்லைன் ரீசார்ஜ்ல அது இல்ல.

கட் பண்றதுன்னே முடிவு பண்ணிட்டீங்கன்னா சொல்லாம கொள்ளாம விட்ராதீங்க. பாக்ஸ் பெரும்பாலும் அவங்களோடது, அடாப்டர், ரிமோட் எல்லாம் சேத்துத் திருப்பிக் குடுத்துட்டு, குடுத்தேன்னு ஒரு சீட்டோ வாட்ஸ்அப் மெசேஜோ வாங்கி வச்சுக்கோங்க. ஒரு கம்பெனி பாக்ஸை இன்னொரு கம்பெனியில போட முடியாது, எந்த பாக்ஸும் எதுலயும் ஓடணும்னு டிராய் 2020லயே பரிந்துரை குடுத்துச்சு, இருந்தும் அந்தப் பழைய பாக்ஸ் வச்சு உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. ஆனா மொட்டை மாடியில இருந்து ஹாலுக்கு வர்ற அந்தக் கேபிள் ஒயரை மட்டும் அறுத்து எறியாதீங்க, சுருட்டி ஆணியில மாட்டி, முனையில ஒரு பிளாஸ்டிக் கவரைக் கட்டி விடுங்க. நாளைக்கே டிஷ் வச்சா அதே ஒயர் ஆகும், மாமியாரு ஊர்ல இருந்து ரெண்டு மாசம் தங்க வந்தா மறுபடியும் கேபிள் அண்ணனுக்கே போன் போக வேண்டியிருக்கும்.